பேத்தி எடுத்த மைனர்

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் படிக்கும் என் பேத்தி வாட்ஸ்அப்பில் வந்தாள். நலம் விசாரித்து முடித்ததும், "தாத்தா, நான் ஒரு மைனர் எடுத்திருக்கேன்" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவிக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. "எந்த மைனருடி?" என்று பதறிவிட்டாள். எங்கள் தலைமுறைக்கு மைனர் என்றால் சில்க் ஜிப்பாவும் மைனர் செயினும் போட்டுக்கொண்டு சொத்தை அழிக்கிறவன்தானே. பேத்தி சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

பிறகு விளக்கினாள். அங்கே பட்டப்படிப்பில் முதன்மைப் பாடம் ஒன்று இருக்கும். அதற்கு மேஜர் என்று பெயர். அவளுக்கு அது கம்ப்யூட்டர். அதோடு விருப்பப்பட்டால் வேறொரு துறையில் ஐந்தாறு பாடங்களை எடுத்துத் தேறலாம். பட்டத்தோடு அதையும் குறித்துக் கொடுப்பார்கள். அதுதான் மைனர். அவள் எடுத்திருப்பது யூதவியல். யூத மக்களின் வரலாறு, எபிரேய மொழி, அவர்களுடைய நூல்கள், தத்துவம் எல்லாம் அதில் அடக்கம்.

அன்று மாலையே மகன் கூப்பிட்டான். கோபமாக இருந்தான். "நீங்களாவது சொல்லுங்கப்பா. நமக்கும் யூதருக்கும் என்ன சம்பந்தம்? இதுல என்ன வேலை கெடைக்கும்? அதுவும் இந்தக் காலத்துல, அந்த ஊர்ல, இதெல்லாம் வம்பு."

"ஒரு மாசம் பொறுடா. நானும் கொஞ்சம் படிச்சுப் பாக்கறேன்" என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? பிரெஞ்சு மீடியத்தில் படித்ததால் பிரெஞ்சு நூல்களைப் படிக்க முடிகிறது. ஒரு மாதம் என்று தொடங்கியது நான்கு மாதம் ஆகிவிட்டது. அப்படிப் படித்ததில் என் மனதில் தங்கியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு முரண்பாடு. யூதருடைய மொழியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் எப்போதோ உள்ளே அழைத்துக்கொண்டன. யூதரைத்தான் அழைக்கவில்லை. 1311, 1312 ஆண்டுகளில் பிரான்சின் வியன் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கம், பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, பொலோஞா, சலமங்கா பல்கலைக்கழகங்களில் எபிரேயமும் அரபும் கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. மதமாற்றப் பணிக்கு மொழி தெரிந்தவர்கள் வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் இங்கிலாந்து தன் யூதர்களை 1290-இலேயே நாடு கடத்திவிட்டது. பிரான்சும் 1306-இல் துரத்தியது. நடுவில் சிலரைத் திரும்ப விட்டு, 1394-இல் மறுபடியும் மொத்தமாக வெளியேற்றியது.

1530-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா பாரிசில் அரச விரிவுரையாளர்களை நியமித்தார். இன்றைய கொலேஜ் தெ பிரான்சின் தொடக்கம் அதுதான். கிரேக்கத்தோடு எபிரேயத்துக்கும் அங்கே முதலிலிருந்தே இடம் இருந்தது. ஆரம்ப காலத்தில் எபிரேயம் கற்பித்தவர்களில் ஒருவரான போல் பாராதி, வெனிசில் பிறந்த யூதர், கிறிஸ்தவராக மாறியவர். மாறாத யூதர் அந்த ராஜ்யத்தில் குடியிருக்கவே உரிமை கிடையாது.

அமெரிக்காவிலும் கதை அப்படித்தான் தொடங்குகிறது. ஹார்வர்டில் எபிரேயம் கற்பிக்க 1722-இல் ஜூடா மோனிஸ் என்பவரை நியமித்தார்கள். பிறப்பால் யூதர். நியமனத்துக்குச் சற்று முன்னால் அவர் ஞானஸ்நானம் பெற வேண்டியிருந்தது. அவர் எழுதிய எபிரேய இலக்கணம் 1735-இல் அச்சாயிற்று.

இனி பெர்லினுக்கு வருவோம். நான்கு மாத வாசிப்பில் என்னை அதிகம் பாதித்தவர்களில் ஒருவர் லெயோபோல்ட் சுன்ஸ். 1794-இல் பிறந்தவர். பெர்லின் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் நூல்களை ஆராயும் முறையைப் பெரிய பேராசிரியர்களிடம் கற்றார். ஹோமரை இப்படி ஆராயலாம் என்றால் யூத நூல்களை ஏன் ஆராயக்கூடாது என்பது அவருடைய கேள்வி. 1818-இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு எடுவார்ட் கான்ஸ் முதலிய நண்பர்களோடு சேர்ந்து, யூதர்களின் பண்பாட்டையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கம் தொடங்கினார். கவிஞர் ஹைனேயும் பின்னால் அதில் சேர்ந்தார். பக்திக்காகவும் வேண்டாம், பழிப்பதற்காகவும் வேண்டாம், உள்ளதை உள்ளபடி ஆராய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. யூதவியல் என்று இன்று சொல்லும் துறைக்கு அதுவே விதை.

சங்கம் சில ஆண்டுகளிலேயே கலைந்துவிட்டது. கான்ஸ் சட்டம் படித்தவர், பெரிய மேதை. 1812-இல் பிரஷ்ய அரசு யூதரும் பேராசிரியர் ஆகலாம் என்று ஆணை போட்டிருந்தது. கான்ஸ் விண்ணப்பித்ததும் 1822-இல் அந்த உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு மனிதரை உள்ளே விடாமல் இருப்பதற்காகச் சட்டத்தையே மாற்றினார்கள்! 1825-இல் கான்ஸ் மதம் மாறினார், பேராசிரியர் ஆனார். ஹைனேயும் அதே ஆண்டு மதம் மாறினார்.

சுன்ஸ் மாறவில்லை. பத்திரிகை வேலை, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வேலை என்று எதையெதையோ செய்து பிழைத்தபடி நூல்களை எழுதினார். 1848-இல், பெர்லின் பல்கலைக்கழகத்தில் யூத வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்துங்கள் என்று அமைச்சகத்துக்கு மனுக் கொடுத்தார். மனு தள்ளுபடி. 1886-இல் தமது 91-ஆம் வயதில் அவர் இறக்கும்வரை அந்தப் பதவி வரவில்லை. வாழ்நாள் முழுக்க மனுக்களைக் கையாண்ட குமாஸ்தா நான். தள்ளுபடி என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வரி இன்னொருவர் வாழ்நாளையே எடுத்துக்கொள்ளும் என்பதை நாம் யோசிப்பதில்லை.

இன்னொருவர் சலமோன் முங்க். இவரும் பிரஷ்யாவில் பிறந்தவர்தான். யூதருக்கு அங்கே அரசாங்க உத்தியோகம் கிடைக்காது என்று தெரிந்து 1828-இல் பாரிசுக்கு வந்தார். பிரான்சில் புரட்சியின்போதே, 1791-இல், யூதருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டார்கள். தேசிய நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் வேலை கிடைத்தது. இரவு பகலாகப் பழைய சுவடிகளைப் படித்துப் படித்துக் கண் போயிற்று. கண் போன பிறகுதான் தம் பெரிய வேலையைச் செய்து முடித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத ஞானி மைமோனிடீஸ் எழுதிய தத்துவ நூலை மூலத்தோடும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் மூன்று தொகுதிகளாக, 1856 முதல் 1866 வரை வெளியிட்டார். அந்த நூலின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். நம் காரைக்கால், காயல்பட்டினம் முஸ்லிம் குடும்பங்களில் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் கொலேஜ் தெ பிரான்சில் எபிரேயப் பேராசிரியராக இருந்த எர்னஸ்ட் ரெனான், 1862-இல் முதல் சொற்பொழிவிலேயே இயேசுவை ஒப்பற்ற மனிதர் என்று சொல்லிப் பெரும் புயலைக் கிளப்பினார். வகுப்பு நிறுத்தப்பட்டது, பிறகு பதவியும் போயிற்று. அந்த இடத்துக்கு 1864-இல் வந்தவர் பார்வையிழந்த முங்க். யூதர் இல்லாத ராஜ்யத்தில் 1530-இல் தொடங்கிய எபிரேய வகுப்பில், 334 ஆண்டு கழித்து, மதம் மாறாத ஒரு யூதர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றே ஆண்டில் இறந்துவிட்டார்.

அமெரிக்காவில் 1925-இல் ஹார்வர்டு ஹாரி வுல்ஃப்சனுக்கென்று எபிரேய இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது. அதே ஹார்வர்டில்தான், மூன்று ஆண்டு முன்னால், யூத மாணவர் அதிகமாகிவிட்டார்கள், வரம்பு கட்ட வேண்டும் என்று அதன் தலைவர் லோவெல் சொல்லியிருந்தார். 1930-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூத வரலாற்றுக்கு சலோ பேரன் பேராசிரியராக வந்தார். யூத வரலாற்றை வெறும் ஒப்பாரியாக எழுதாதீர்கள் என்று சொன்னவர் இவர். துன்பம் உண்மைதான், ஆனால் ஒரு மக்கள் சமைத்தார்கள், வியாபாரம் செய்தார்கள், பாட்டுக் கட்டினார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், அதையும் எழுதுங்கள் என்பது அவர் கட்சி. 1960-களின் கடைசியில் கறுப்பின மாணவர்கள் தங்கள் வரலாற்றையும் பாடமாக்கச் சொல்லிப் போராடி வென்ற காலத்தில், யூதவியலும் பல பல்கலைக்கழகங்களில் பரவியது. அதற்கான ஆசிரியர் சங்கம் தோன்றியது 1969-இல். என் பேத்தி இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி எடுத்துக்கொண்ட மைனருக்குப் பின்னால் இவ்வளவு பேர் நிற்கிறார்கள்.

இதுவரை எழுதியது படித்துத் தெரிந்துகொண்டது. இனி எழுதப்போவது என்னைத் தொட்டது.

மே மாதம் பேத்தி மறுபடி கூப்பிட்டாள். ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ் இருந்த காலத்தைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். "தாத்தா, நீங்க பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்சீங்களே, இதப் பத்தி என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ரசீனின் எஸ்தேர், அத்தாலி நாடகங்களைப் படித்தோம். இரண்டும் விவிலிய யூதர் கதைகள். த்ரேஃபுஸ் வழக்கைப் படித்தோம். ஜொலா 1898-இல் எழுதிய புகழ்பெற்ற பகிரங்கக் கடிதத்தை எங்கள் முசியே உணர்ச்சியோடு விளக்கினார். 1940-இல் தெ கோல் லண்டனிலிருந்து விட்ட அறைகூவல், அந்தச் செப்டம்பரிலேயே கவர்னர் பொன்வேன் பாண்டிச்சேரியைத் தெ கோல் பக்கம் சேர்த்தது, எல்லாம் பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பிரெஞ்சு யூதருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரிகூட எனக்கு நினைவில் இல்லை. ஜெர்மானியர் செய்தார்கள் என்பதோடு முடிந்திருக்கும். 1960-களில் பிரான்சிலேயே பாடநூல்கள் அப்படித்தான் இருந்தன.

நடந்தது இதுதான். 1940 அக்டோபர் 3-ஆம் தேதி விஷி அரசு ஒரு சட்டம் போட்டது. யூதர் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கக்கூடாது, ஆசிரியராக இருக்கக்கூடாது. நான்கு நாள் கழித்து இன்னொரு சட்டம். அல்ஜீரிய யூதருக்கு 1870-இல் கிரெமியே ஆணையால் கிடைத்த குடியுரிமை ரத்து. எழுபது ஆண்டு, மூன்று தலைமுறை, ஒரு தாளில் போயிற்று. 1881 ஆணைப்படி ரெனோன்சான் ஆன குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! தாத்தா கையெழுத்துப் போட்ட அந்தப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு இதன் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

அதே அக்டோபரில் பாரிசில் யூதரெல்லாம் காவல் நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிவு செய்யச் சொன்னார்கள். கட்டளை ஜெர்மானியருடையது. வேலையைச் செய்தது பிரெஞ்சுக் காவல்துறை. சட்டத்துக்குப் பணிந்து பழகிய மக்கள். வரிசையில் நின்று பதிந்துகொண்டார்கள். ஏறத்தாழ 1,50,000 பேர். ஆந்திரே துய்லார் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் அந்தப் பெயர்கள் அட்டைகளில் ஏறின. பெயர் வரிசையில் ஒன்று, தெரு வரிசையில் ஒன்று, நாட்டு வரிசையில் ஒன்று, தொழில் வரிசையில் ஒன்று. பிரெஞ்சுக் குடிமக்களுக்கு நீல அட்டை, வெளிநாட்டாருக்கு ஆரஞ்சு, நாடற்றவருக்கு வேறு நிறம். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் வீடு வீடாகப் போனார்கள். 13,000-க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அதில் 4,000-க்கு மேல் குழந்தைகள். பிடித்தவர்கள் பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள். பிரான்சின் ஜனாதிபதி ஒருவர், ஷிராக், அதைப் பிரான்சின் குற்றம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1995 வரை ஆயிற்று.

நண்பர்களே, நான் 34 வருஷம் எத்தா சிவில் பிரிவில் வேலை பார்த்தவன். பிறப்பு, இறப்பு, கல்யாணம். அட்டை எழுதுவது, அகர வரிசையில் அடுக்குவது, கேட்டதும் எடுத்துக் கொடுப்பது, இதுதான் என் உத்தியோகம். என் அடுக்கில் எந்தப் பெயரையும் இரண்டு நிமிடத்தில் எடுப்பேன் என்று எனக்கு ஒரு கர்வமே உண்டு. அந்தப் பாரிஸ் அலுவலகத்திலும் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் இருந்திருப்பார்கள். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும், அட்டை மடங்கக்கூடாது என்று கவனமாக வேலை செய்திருப்பார்கள். அன்று அந்த மேஜையில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. "இதத்தான் தாத்தா எங்க கிளாஸ்லயும் கேக்கறாங்க" என்றாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பிரான்சிலிருந்து ரயில்களில் மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 76,000 பேர். செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் என்ற வழக்கறிஞர் அந்த ரயில்களின் பயணிகள் பட்டியலைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பெயராகப் படித்து, 1978-இல் நூலாக அச்சிட்டார். அவருடைய தகப்பனாரும் அப்படிப் போனவர்களில் ஒருவர். பாரிசில் 2005-இல் எழுப்பிய நினைவுச் சுவரில் அந்தப் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கொல்வதற்காக எழுதிய பட்டியலே, மறக்காமல் இருப்பதற்கான பட்டியல் ஆயிற்று.

"நமக்கும் யூதருக்கும் என்ன சம்பந்தம்?" என்று மகன் கேட்டானே, அதற்கும் பதில் கிடைத்தது. பாரிசில் பல தலைமுறை மாணவர்களுக்கு சமஸ்கிருதம் கற்பித்த சில்வென் லெவி யூதர். கொலேஜ் தெ பிரான்சில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்து, திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றி 1946-இல் நூல் வெளியிட்ட ஜுய்ல் பிளோக் யூதர். விஷி சட்டத்தின் ஆண்டுகளைக் கடந்து வந்த மனிதரின் கையிலிருந்து தமிழுக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் அந்த நூல் வந்தது. "அவருக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்னு அவங்க அப்பா கேட்டிருந்தா?" என்று மகனிடம் கேட்டேன். பதில் இல்லை.

அதைவிடப் பழைய சம்பந்தமும் ஒன்று உண்டு. விவிலியத்தில் அரசர்கள் முதல் நூலில், சாலமோன் மன்னருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்ததாக ஒரு செய்தி. மயிலுக்கு அங்கே துக்கி என்று ஒரு சொல். அது நம் ‘தோகை’தான் என்று கால்டுவெல் ஐயர் 1856-இலேயே எழுதினார், அறிஞர் பலரும் அப்படியே கருதுகிறார்கள். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. கடல் தாண்டிப் போன மயில் கிளியாகிவிட்டது! பேத்தி இதை வகுப்பில் சொன்னாளாம். ஆசிரியை அவளைக் கரும்பலகையில் தோகை என்று தமிழில் எழுதச் சொன்னாராம். எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ‘தோ’வில் கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. பரவாயில்லை.

மகனுடைய பயத்தை நான் தள்ளிவிடவில்லை. இன்றைய சண்டைகளைப் பார்த்து அவன் பயப்படுகிறான். ஒரு மக்களின் வரலாற்றைப் படிப்பது ஒரு அரசாங்கத்துக்கு ஓட்டுப் போடுவது ஆகாது என்று சொன்னேன். அவள் வகுப்பில் யூதப் பிள்ளைகளும் அரபுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வாக்குவாதம் நடக்கிறது, அதையும் ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு அவளுடைய கம்ப்யூட்டர் பதில் சொல்லிக்கொள்ளும். ஆனால் கம்ப்யூட்டர் என்பது என்ன? மனிதர் பெயர்களை அட்டையில் அடுக்கும் வேலையை எங்களைவிட லட்சம் மடங்கு வேகமாகச் செய்வதும் அதன் வேலைதானே? அந்த வேலைக்குப் போகிற பெண் துய்லாரின் அட்டைகளைப் பற்றி ஒரு முறையாவது படித்திருப்பது நல்லது.

இதைச் சொன்னதும் மகன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரிப்பா, படிக்கட்டும்" என்றான்.

என் மனைவிதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. படிப்பு நல்ல படிப்பாம். ஆனால் மைனர் என்ற பேரை மட்டும் மாற்றச் சொல்கிறாள்.